மைனர்ஸ்வில் பள்ளியின் காலை வணக்கம்

பள்ளிக்கூடங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் பாடத்திட்டங்களையும் கட்டடங்களையும் பற்றியே எழுதுகின்றனர். காலை மணி அடித்ததும் வகுப்பறையில் நிகழும் முதற் பத்து நிமிடங்களைப் பற்றி எழுதுவோர் மிக அரியர். வருகைப் பதிவு, இறை வாழ்த்து, கொடி வணக்கம் ஆகிய யாவும் நாள்தோறும் நிகழ்வதாலேயே நம் கண்ணிற் படாமற் போய்விடுகின்றன. ஆயின், அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த மைனர்ஸ்வில் என்னும் சிற்றூரில், 1935ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அந்தப் பத்து நிமிடங்களுக்குள் ஒரு சிறுவன் தன் கையை உயர்த்த மறுத்தான். அவ்வளவுதான் நிகழ்ந்தது. அந்தக் கை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நம் நாட்டு உச்ச நீதிமன்றத்திலும் அவ்வழக்கு எடுத்துப் பேசப்பட்டது.

நிகழ்ச்சியைச் சொல்வதற்கு முன்னர் அந்நாட்டுப் பள்ளிகளின் அமைப்பைச் சற்று விளக்குதல் வேண்டும். நம் நாட்டில் பள்ளிக்கூடம் என்றால் அரசின் கல்வித்துறை நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது ஊராரின் உடைமை. ஒவ்வோர் ஊரும், அல்லது அண்டையிலுள்ள சில ஊர்கள் கூடியும், ஒரு பள்ளி வட்டாரமாக அமையும். ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிலர் பள்ளிக் குழுவாக அமர்வர். மளிகைக் கடைக்காரர், மருத்துவர், உழவர் என்று பலரும் அக்குழுவில் இருப்பர். வீட்டுக்கும் நிலத்துக்கும் வரி விதிப்பதும், ஆசிரியரை அமர்த்துவதும், கண்காணிப்பாளரை நியமிப்பதும் அவர்கள் பொறுப்பு. நம் ஊராட்சி மன்றம் குளத்தையும் சாலையையும் பார்த்துக்கொள்வது போல, அம்மன்றம் பள்ளியை மட்டுமே பார்த்துக்கொள்ளும். பென்சில்வேனியாவில் 1834ஆம் ஆண்டின் இலவசப் பள்ளிச் சட்டம் இம்முறைக்கு அடிகோலியது. 1940ஆம் ஆண்டளவில் அந்நாடு முழுவதும் 1,17,000க்கு மேற்பட்ட பள்ளி வட்டாரங்கள் இருந்தன. பின்னர் அவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, இன்று 13,000 அளவிலேயே எஞ்சியுள்ளன.

இவ்வமைப்பில் ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. பள்ளியின் மீது ஊருக்குப் பற்று மிகும். தாம் கொடுத்த வரியில் எழுந்த கட்டடம். தம் அண்டை வீட்டார் நடத்தும் நிர்வாகம். தம் பிள்ளைகள் ஆடும் ஆட்டம். வெள்ளிக்கிழமை மாலை எழுத்துக்கூட்டற் போட்டி நடந்தால் ஊரே வந்து அமர்ந்து கேட்ட காலம் அங்கே இருந்தது. பின்னர் அந்த இடத்தைக் கால்பந்தாட்டமும் கூடைப்பந்தாட்டமும் பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நிறம், ஒரு விருதுப்பெயர், ஒரு வாத்தியக் குழு உண்டு. மைனர்ஸ்வில் பள்ளியின் ஆட்டக்காரர்கள் ‘போரிடும் சுரங்கத் தொழிலாளர்’ என்று தம்மை அழைத்துக்கொண்டனர். அப்பன் சுரங்கத்துள் இறங்கி உழைக்கும் தொழிலின் பெயரையே மகன் தன் மார்பில் பெருமையோடு தாங்கியது எண்ணி மகிழத்தக்கது.

வகுப்பறை எப்படி இருந்தது? தரையோடு திருகாணியால் முடுக்கப்பட்ட மேசைகள் வரிசை வரிசையாக நிற்கும். கையெழுத்துப் பயிற்சிக்கென்று தனி நேரம் உண்டு. விரலை அசைக்காமல் முழுக்கையையும் அசைத்து வட்டங்களையும் சாய்கோடுகளையும் தாள் நிறைய எழுத வேண்டும். வாசிப்பும் கணக்கும் மனப்பாடமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆனால் இவை யாவற்றுக்கும் முன்னால் இரண்டு கடமைகள் இருந்தன. ஒன்று, விவிலியத்தில் பத்து வசனங்களேனும் நாள்தோறும் ஓதப்பட வேண்டும் என்று 1913ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில் ஒரு சட்டம் வந்திருந்தது. விளக்கம் கூறாமல் ஓதுதல் வேண்டும் என்பது அதன் விதி. மற்றொன்று கொடி வணக்கம்.

இக்கொடி வணக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். அதை எந்த மன்னரும் கட்டளையிடவில்லை. எந்த நாடாளுமன்றமும் இயற்றவில்லை. பாஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த ‘யூத்ஸ் கம்பானியன்’ என்னும் வார இதழ் அதனைத் தோற்றுவித்தது. இளையோருக்கும் குடும்பத்தாருக்குமான அவ்விதழ் பள்ளிகளுக்குக் கொடிகளை விற்பனை செய்யும் இயக்கம் ஒன்றையும் நடத்திவந்தது. கொலம்பஸ் கரையிறங்கிய 400ஆம் ஆண்டு விழாவையொட்டி, 1892ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அவ்விதழில் பணியாற்றிய பிரான்சிஸ் பெல்லாமி என்னும் பாதிரியார் எழுதிய உறுதிமொழி வெளியாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் நாடெங்குமுள்ள பள்ளிப் பிள்ளைகள் அதனைச் சொன்னார்கள். உறுதிமொழியைச் சொல்லும்போது வலக்கையைக் கொடியை நோக்கி நேரே நீட்ட வேண்டும் என்பது முறை. 1898இல் நியூயார்க் மாநிலம் கொடி வணக்கத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. வேறு மாநிலங்களும் பின்பற்றின. கப்பல் கப்பலாக வந்திறங்கிய இத்தாலியர், போலந்தினர், லித்துவேனியர், யூதர் ஆகியோரின் பிள்ளைகளை ஒரே மக்களாக்குதற்கு இஃதோர் எளிய வழி என்று கருதினர். அந்நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. பல மொழி பேசும் வீடுகளிலிருந்து வரும் குழந்தைகள் ஒரே குரலில் ஒரு சொல்லைச் சொல்வது அழகிய காட்சியே.

ஆனால் 1930களில் ஐரோப்பாவில் மற்றொரு காட்சி தோன்றியது. ஜெர்மனியில் இட்லருக்கு முன் நீட்டிய கைகளும், அமெரிக்க வகுப்பறையில் கொடியை நோக்கி நீண்ட கைகளும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன! ஜெர்மனியில் ‘யெகோவாவின் சாட்சிகள்’ என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் அவ்வணக்கத்தைச் செய்ய மறுத்துச் சிறைப்பட்டனர். அவர்களுடைய அமெரிக்கத் தலைவர் ரதர்ஃபோர்டு, கொடிக்கு வணக்கம் செய்தலும் இறைவனுக்கே உரிய வணக்கத்தைப் படைப்புப் பொருளுக்குச் செய்வதாகும் என்று 1935இல் பேசினார். வானொலி வழியே அப்பேச்சு பரவியது. மைனர்ஸ்வில் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த வால்ட்டர் கோபிட்டாஸ் என்பவரின் வீட்டிலும் அது கேட்டது.

அக்டோபர் 22ஆம் நாள். வால்ட்டரின் மகன் வில்லியம், 10 வயதினன், ஐந்தாம் வகுப்பு மாணாக்கன், கொடி வணக்கத்தின்போது கையை உயர்த்தவில்லை. ஆசிரியை அவன் கையைப் பிடித்து உயர்த்த முயன்றார். சிறுவன் தன் சட்டைப்பையை இறுகப் பற்றிக்கொண்டான். அடுத்த நாள் அவன் தமக்கை லில்லியனும் அவ்வாறே செய்தாள். 12 வயதினளான அவள் ஏழாம் வகுப்பின் மாணவத் தலைவி; நன்றாகப் படிப்பவள்; தோழியர் பலரை உடையவள். வகுப்பு தொடங்குமுன் ஆசிரியையிடம் சென்று தன் மனத்தை எடுத்துச் சொன்னாள். அந்த ஆசிரியை அவளை அணைத்துக்கொண்டார். எனினும் மற்றைப் பிள்ளைகள் அவள் வரும்போது சிறு கற்களை எறிந்து, இதோ யெகோவா வருகிறார் என்று கூவிப் பழித்தனர்.

நவம்பர் 5ஆம் நாள் வில்லியம் பள்ளிக் குழுவினருக்கு ஒரு கடிதம் எழுதினான். அக்கடிதம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. குழந்தைக் கையெழுத்தில் அமைந்த அதில், விவிலியத்தின் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி, தான் நாட்டை நேசிக்காதவன் அல்லன் என்றும், நாட்டினும் மேலாக இறைவனை நேசிப்பதால் அவன் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டியவனாயிருக்கிறான் என்றும் எழுதியிருந்தான். மறுநாள் பள்ளிக் குழு கூடியது. கொடி வணக்கம் செய்ய மறுத்தல் கீழ்ப்படியாமை என்று தீர்மானம் நிறைவேற்றியது. கண்காணிப்பாளர் அக்கூட்டத்திலேயே பிள்ளைகளைப் பள்ளியினின்றும் நீக்கினார். அந்நாள் வரை அவ்வூரில் கொடி வணக்கம் வெறும் வழக்கமாகவே இருந்தது. அதை விதியாக்கியதும் பிள்ளைகளை வெளியேற்றியதும் ஒரே மாலையில் நிகழ்ந்தன. ஊராரே நடத்தும் பள்ளியின் பெருமையைச் சற்று முன்னர்க் கூறினோம். அதன் மறுபுறம் இது. ஊருக்கு ஒரே மனம் என்றானபின், அம்மனத்தோடு ஒவ்வாத ஒரு வீட்டார் யாரிடம் சென்று முறையிடுவர்?

தண்டனை பள்ளியோடு நிற்கவில்லை. வால்ட்டரின் மளிகைக் கடைக்குச் செல்லலாகாது என்று ஊரில் ஒதுக்கி வைத்தனர். பிள்ளைகள் தொலைவிலுள்ள ஒரு பண்ணை வீட்டில் அப்பிரிவினர் தமக்கென நடத்திய சிறு பள்ளிக்குச் செல்லவேண்டியதாயிற்று.

இங்கே ஒரு செய்தியை நினைவூட்டாமல் மேற்செல்ல முடியவில்லை. மைனர்ஸ்வில் மக்களுள் பெரும்பாலோர் ரோமன் கத்தோலிக்கர். அதே பென்சில்வேனியாவில், பிலடெல்பியா நகரில், 1844ஆம் ஆண்டு, கத்தோலிக்கர் தம் பிள்ளைகள் பள்ளியில் புராட்டஸ்டண்டு விவிலியத்தை ஓதுவதிலிருந்து விலக்குக் கோரினர். விலக்கு கேட்டதையே விவிலியத்தை ஒழிக்கும் சதி என்று திரித்துப் பரப்பினர் சிலர். கலகம் மூண்டது. கத்தோலிக்கரின் வீடுகளும் இரண்டு தேவாலயங்களும் எரிந்தன, உயிர்கள் மாண்டன. தம் பிள்ளையின் மனச்சான்றுக்காகத் தீயைத் தாங்கிய ஒரு சமயத்தார், மூன்று நான்கு தலைமுறை கடந்து பெரும்பான்மையினராக வாழ்ந்த ஓர் ஊரிலே, அதே முறையீடு வேறொரு வாயிலிருந்து எழுந்தபோது அதனை அடையாளங் கண்டுகொள்ளவில்லை. சிறுபான்மையின் துயரம் மரபுரிமையாகப் பெறும் அறிவன்று போலும்.

வால்ட்டர் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1938இல் நீதிபதி ஆல்பர்ட் மேரிஸ் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தார். அவர் குவேக்கர் என்னும் சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பிறர் மனச்சான்றை மதிக்கும் பழக்கம் அப்பிரிவின் உயிர்நாடி. 1939இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பள்ளி வட்டாரம் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

1940ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அந்நாளில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகள் டன்கர்க் கடற்கரையினின்றும் தப்பிச் சென்றுகொண்டிருந்தன. பிரான்சு வீழும் தறுவாயில் இருந்தது. அச்சத்தின் நடுவே எழுதப்பட்ட அத்தீர்ப்பில் எட்டு நீதிபதிகள் பள்ளிக் குழுவின் பக்கம் நின்றனர். தீர்ப்பை எழுதியவர் பீலிக்ஸ் பிராங்பர்ட்டர். வியன்னாவில் பிறந்து, 12 வயதில் ஆங்கிலம் அறியாமல் அமெரிக்கா வந்திறங்கி, அந்நாட்டுப் பள்ளிகளால் உயர்ந்த யூதர் அவர். நாட்டின் ஒற்றுமையே அதன் பாதுகாப்புக்கு அடிப்படை என்றும், ஒற்றுமையை வளர்க்கும் வழி எதுவென்று முடிவு செய்தல் பள்ளிக் குழுவின் வேலை, நீதிமன்றத்தின் வேலையன்று என்றும் அவர் கருதினார். தன்னை அமெரிக்கனாக்கிய வகுப்பறையின்மீது அவருக்கிருந்த நன்றி அத்தீர்ப்பில் தெரிகிறது. நன்றி உயர்ந்த குணம். ஆயினும் அது ஒருவருடைய கண்ணை மறைக்கவும் கூடும். ஹார்லன் ஸ்டோன் என்னும் ஒரே ஒரு நீதிபதி மாறுபட்டார். தாம் நம்பாத ஒன்றை வாயாற் சொல்லும்படி ஓர் அரசு பிள்ளைகளை வற்புறுத்தலாகாது என்பது அவருடைய உறுதி.

தீர்ப்பின் விளைவு விரைவில் தெரிந்தது. யெகோவாவின் சாட்சிகள் நாட்டுக்குப் பகைவர் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாகப் பாமரர் எண்ணிக்கொண்டனர். ஜூன் 9ஆம் நாள் மெய்ன் மாநிலத்துக் கென்னபங்கில் அவர்களுடைய வழிபாட்டு மன்றம் எரிக்கப்பட்டது. இல்லினாய் மாநிலத்து லிட்ச்பீல்டில் அவர்கள்மீது கும்பல் பாய்ந்தது. மேற்கு வர்ஜீனியாவின் ரிச்வுட் ஊரில் அவர்களைப் பிடித்து விளக்கெண்ணெயைக் குடிக்கச் செய்து தெருவில் நடத்திச் சென்றனர். சில மாதங்களுக்குள் 300க்கும் மேற்பட்ட ஊர்களில் ஏறத்தாழ 1,500 பேர் தாக்கப்பட்டதாக அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் கணக்கிட்டது. பள்ளியினின்றும் நீக்கப்பட்ட பிள்ளைகளின் தொகை அடுத்த சில ஆண்டுகளில் 2,000 அளவுக்கு உயர்ந்தது. வகுப்பறையில் ஒற்றுமைக்காக நீட்டச் சொன்ன கை தெருவில் என்னவாயிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நீதிபதிகளுக்கும் மனம் உறுத்தியது. 1942இல் வேறொரு வழக்கில், முன்னர்ப் பெரும்பான்மையோடு சேர்ந்திருந்த பிளாக், டக்ளஸ், மர்ஃபி ஆகிய மூவரும் தாம் கொண்ட முடிவு தவறு என்று வெளிப்படையாகவே அறிவித்தனர். உயர் பீடத்தில் அமர்ந்தோர் இங்ஙனம் அறிவித்தல் அரிது. ஸ்டோன் இதற்குள் தலைமை நீதிபதியாகியிருந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியா மாநிலக் கல்விக் குழு எல்லாப் பள்ளிகளிலும் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. சார்ல்ஸ்டன் நகருக்கு அண்மையில் ஸ்லிப் ஹில் என்னும் சிறு தொடக்கப் பள்ளியிலே மேரி, கேத்தி என்னும் பார்னெட் சகோதரிமார் இருவர் கல்வி பயின்றுவந்தனர். வணக்கம் செய்ய மறுத்ததால் அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இவர்களுடைய தந்தையின் பெயரும் வால்ட்டரே!

1943 ஜூன் 14ஆம் நாள், அந்நாட்டார் கொடித் திருநாளாகக் கொண்டாடும் அதே நாளில், உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கு மூவர் என்ற கணக்கில் தன் பழைய தீர்ப்பை மாற்றியது. எழுதியவர் ராபர்ட் ஜாக்சன். பின்னாளில் நூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய வழக்கறிஞர். அரசியலிலோ சமயத்திலோ நாட்டுப்பற்றிலோ எது சரியான கொள்கை என்று விதிக்கவும், அதை வாயாற் சொல்லும்படி வற்புறுத்தவும் எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். வற்புறுத்தி ஒருமைப்பாட்டை உண்டாக்க முயன்றவர்கள் வரலாற்றில் எங்கே போய் முடிந்தார்கள் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் இப்படியொரு தீர்ப்பு வந்தது என்பதே அதன் மதிப்பை உயர்த்துகின்றது. பிராங்பர்ட்டர் மாறவில்லை. வரலாற்றில் மிகுதியும் பழிக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்ட ஓரினத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் தனக்கும் சுதந்திரத்தின் அருமை தெரியும் என்று தொடங்கி, ஆயினும் நீதிபதி தன் சொந்த விருப்பத்தைச் சட்டமாக்கலாகாது என்று மாறுபட்டு எழுதினார். அவ்வெழுத்தில் ஒரு பெரிய மனிதரின் வேதனை தெரிகின்றது. அவர் வாதம் முற்றிலும் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் அவருடைய வாதத்தின்படி, ஊரால் ஒதுக்கப்பட்ட சிறுவன் அந்த ஊரின் வாக்குப்பெட்டியிடமே நீதி கேட்கவேண்டும்.

கொடியை நோக்கிக் கை நீட்டும் முறை 1942 டிசம்பரிலேயே கைவிடப்பட்டிருந்தது. நெஞ்சில் கை வைக்கும் முறை வந்தது. உறுதிமொழி நிற்கவில்லை. இன்றும் அமெரிக்க வகுப்பறைகளில் அது சொல்லப்படுகின்றது. சொல்லாத பிள்ளையை யாரும் வெளியேற்ற முடியாது என்பது மட்டுமே வேறுபாடு.

காலைக் கடமைகளுள் மற்றொன்றாகிய விவிலிய ஓதல் இன்னும் 20 ஆண்டுகள் நீடித்தது. அதற்கு எதிராக எழுந்த குரலும் பென்சில்வேனியாவின் பள்ளி வட்டாரம் ஒன்றிலிருந்தே வந்தது. பிலடெல்பியாவை அடுத்த அபிங்டன் உயர்நிலைப் பள்ளியில் காலைதோறும் ஒலிபெருக்கி வழியே பத்து வசனங்கள் ஓதப்படும். பின்னர்ப் பரமண்டல செபமும் கொடி வணக்கமும் நிகழும். 1956 நவம்பரில் எல்லரி ஷெம்ப் என்னும் 16 வயது மாணவர் இதனை மறுக்க எண்ணினார். அவர் தேர்ந்துகொண்ட வழி நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கும். நண்பர் ஒருவரின் தந்தையிடமிருந்து திருக்குர்ஆன் படி ஒன்றை இரவல் பெற்றுவந்து, விவிலியம் ஓதப்பட்டபோது அதைத் திறந்து வைத்து அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தார். செபத்துக்கு எழுந்து நிற்கவும் இல்லை. தலைமையாசிரியரிடம் அனுப்பப்பட்டார். அவர் முஸ்லிமல்லர், யூனிட்டேரியன் என்னும் கிறிஸ்தவ வழியில் வந்த குடும்பத்தினர். ஒரு வேதத்தை மட்டும் அரசின் பள்ளி ஏன் ஓத வேண்டும் என்ற வினாவைச் சொல்லாமற் சொல்ல, மற்றொரு வேதத்தைத் திறந்து வைப்பதைக் காட்டிலும் தெளிவான வழி அச்சிறுவருக்குத் தோன்றவில்லை. 1963 ஜூன் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பள்ளிகளில் வழிபாடாக விவிலியம் ஓதும் சட்டம் செல்லாது என்றது. வேதங்களை இலக்கியமாகவும் வரலாறாகவும் பயில்வதற்கு அத்தீர்ப்பு தடை விதிக்கவில்லை. இவ்வேறுபாட்டை அங்கேயும் பலர் மறந்துவிட்டு, பள்ளியினின்றும் இறைவனையே வெளியேற்றிவிட்டார்கள் என்று நெடுங்காலம் கூக்குரலிட்டனர்.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். 1985 ஜூலைத் திங்களில் கேரளத்தின் கோட்டயம் பகுதியில், யெகோவாவின் சாட்சிகளாகிய ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண்ணைப் பாடாததால் பள்ளியினின்றும் நீக்கப்பட்டனர். பண் இசைக்கப்பட்டபோது அவர்கள் மரியாதையோடு எழுந்தே நின்றனர். வாய் திறந்து பாடவில்லை, அவ்வளவே. கேரள உயர் நீதிமன்றம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. 1986 ஆகஸ்டு 11ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம். எம். தத்தும் அப்பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டனர். எழுந்து நிற்றலே போதிய மரியாதை. பாடியே தீரவேண்டும் என்று எச்சட்டமும் கூறவில்லை என்றனர். அரசியலமைப்பின் 19, 25ஆம் பிரிவுகள் தந்த பேச்சுரிமையும் மனச்சான்றுரிமையும் அத்தீர்ப்புக்கு அடிப்படையாயின. சின்னப்ப ரெட்டி அவர்கள் எழுதிய அத்தீர்ப்பில் மைனர்ஸ்வில் வழக்கும், அதை மாற்றிய மேற்கு வர்ஜீனியா வழக்கும் எடுத்து ஆராயப்பட்டுள்ளன. நம் மரபும் தத்துவமும் அரசியலமைப்பும் போதிப்பது சகிப்புத்தன்மையே, அதில் நீர் கலந்துவிடலாகாது என்ற பொருள்பட அவர் முடித்தார்.

லில்லியனும் வில்லியமும் 1943ஆம் ஆண்டின் தீர்ப்பால் பயனடையவில்லை. அதற்குள் அவர்கள் பள்ளி வயதைக் கடந்துவிட்டனர். நீதிமன்ற எழுத்தர் ஒருவரின் பிழையால் கோபிட்டாஸ் என்ற அவர்கள் குடும்பப் பெயர் கோபிட்டிஸ் என்று பதிவாயிற்று. பார்னெட் என்ற பெயரின் இறுதியிலும் அவ்வாறே ஓரெழுத்து மிகுதியாகச் சேர்ந்தது. சட்ட நூல்களில் இன்றளவும் அவ்விரு பெயர்களும் அப்பிழைகளோடேயே வழங்கிவருகின்றன.